டொடோமாவில் தன்னார்வலர், பொங்கலுக்கு நான்கு நண்பர்கள்: 10 நாளில் தான்சானியாவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

டொடோமா_தண்ணி
வணக்கம். டொடோமாவில் குடிநீர்த் திட்டம் ஒன்றில் தன்னார்வப் பணி. சி வகுப்புக் குடியிருப்பு அனுமதி கையில் இருக்கிறது. பொங்கலை ஒட்டிச் சென்னை, கோவையிலிருந்து நான்கு நண்பர்கள் வருகிறார்கள். விடுப்பு மொத்தம் 10 நாள். விமானம் போக ஆளுக்கு 1,500 டாலர் வரை செலவழிக்கத் தயார். இருவர் முழுச் சைவம்.
யோசித்திருப்பது: கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் ஒரு நாள், டாரங்கிரே, மன்யாரா ஏரி, கோரோங்கோரோ, செரங்கெட்டி, கடைசியில் சான்சிபார். இது 10 நாளில் அடங்குமா? என் அனுமதியைக் காட்டினால் எல்லோருக்கும் கட்டணம் குறையுமா?

கிபோ
அடங்காது. கிளிமஞ்சாரோவை முதலில் எடுத்துவிடுங்கள். ஒருநாள் நடை என்று விற்பது மராங்கு வாசலிலிருந்து 2,720 மீட்டரில் இருக்கும் மண்டாரா குடில் வரை போய்த் திரும்புவது. முழுக்கக் காட்டுப்பாதை. உச்சி கண்ணில் படாத நாளே அதிகம், நுழைவுக் கட்டணமோ முழுசு. மலையைப் பார்த்தால் போதும் என்றால் மோஷி ஊரில் விடியற்காலையில் எழுந்து நின்றாலே தெரியும். எட்டு மணிக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும்.
மன்யாராவையும் விடலாம். டாரங்கிரே ஜூன் முதல் அக்டோபர் வரை பிரமாதம். மற்ற இடமெல்லாம் வறண்டு, யானைகள் ஆற்றங்கரைக்கு ஒதுங்கும் காலம் அது. ஜனவரியில் எங்கும் தண்ணீர் கிடப்பதால் யானைகள் சிதறிப் போயிருக்கும்.

வாசல்_கணக்கன்
அனுமதிக் கேள்விக்கு: குறையாது. குடியிருப்பு அனுமதி உங்களுக்கு மட்டும். பூங்காக்களில் மூன்று அடுக்குக் கட்டணம்: கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்கள், இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவர், வெளியிலிருந்து வருபவர். நீங்கள் இரண்டாவது அடுக்கு, கிட்டத்தட்டப் பாதி. நண்பர்கள் மூன்றாவது. முகவர் இணையத்தில் கட்டண எண் எடுக்கும்போதே உங்களைக் குடியிருப்பாளர் என்று பதிய வேண்டும். பணம் கட்டிவிட்டு வாசலில் போய் வகையை மாற்றச் சொன்னால் அரை நாள் போச்சு. மூல அனுமதியைக் கையில் வைத்திருங்கள்; கைபேசியில் இருக்கும் படம் செல்லாது என்று திருப்பி அனுப்பவும் கூடும்.

இப்போது முக்கியமான கணக்கு. தான்சானியாவில் சஃபாரியின் செலவைத் தீர்மானிப்பது எத்தனை நாள் என்பதல்ல, எத்தனை 24 மணி நேரம் என்பது. நுழைவுச் சீட்டில் நேரம் அடித்திருக்கும். வாசலை விட்டு வெளியே போய்விட்டால் மீதி நேரம் காலாவதி.

செரங்கெட்டிக்கு வெளிநாட்டவர் கட்டணம் 70 டாலர், அதன்மேல் 18 சதவீத வரி, ஆக 82.60. மார்ச் 15 முதல் மே 15 வரை மட்டும் கொஞ்சம் குறையும். கோரோங்கோரோவுக்கு 60, வரியோடு 70.80. அங்கே இருக்கும் எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்க, வண்டிக்கு 250, வரியோடு 295. பொது முகாம் மைதானத்தில் படுக்க ஓர் இரவுக்கு ஆளுக்கு 30, வரியோடு 35.40.

அருஷாவிலிருந்து செரங்கெட்டிக்குப் போகும் பெரிய சாலை கோரோங்கோரோ எல்லைக்குள் புகுந்துதான் போகிறது. அதனால் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று கோரோங்கோரோவுக்கு இரண்டு தடவை கட்டணம். வழிப்போக்கர் சலுகையெல்லாம் கிடையாது.

நான்கு நாள் மூன்று இரவுக் கணக்கு இப்படி:
முதல் நாள் காலை 6 மணிக்கு அருஷா. 9 மணிக்கு கோரோங்கோரோவின் லொடுவாரே வாசல். தார்ச்சாலை அதோடு முடிந்தது. மதியம் 1 மணிக்கு நாபி ஹில் வாசல். செரங்கெட்டியின் கடிகாரம் அங்கேதான் ஓடத் தொடங்கும். இரண்டு இரவு பூங்காவின் நடுவே இருக்கும் செரொனேரா பக்கம். மூன்றாம் நாள் மதியம் 1 மணிக்குள் நாபி ஹில்லை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கோரோங்கோரோ கடிகாரம் மறுபடி தொடங்கும். மாலை பள்ளத்தின் விளிம்பில் முகாம். நான்காம் நாள் 6 மணிக்கு முகாமைக் கலைத்துப் பள்ளத்தில் இறங்கி, மதியம் 1 மணிக்குள் லொடுவாரேயில் வெளியே.
ஆளுக்கு: கோரோங்கோரோ இரண்டு தடவை 141.60. செரங்கெட்டி 48 மணி நேரம் 165.20. முகாம் மூன்று இரவு 106.20. பள்ளக் கட்டணத்தை ஐந்து பேர் பிரித்தால் 59. மொத்தம் 472 டாலர். இது அரசுக்குப் போவது மட்டும். வண்டி, டீசல், ஓட்டுநர், சமையல்காரர், கூடாரம், சாப்பாடு தனி.
கட்டணப் பட்டியல் ஜூலை 1-ல் தொடங்கும் நிதியாண்டோடு மாறும். கட்டுவதற்கு முன் நடப்புப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

டொடோமா_தண்ணி
1 மணியைத் தாண்டினால் என்ன ஆகும்? அபராதமா?

வாசல்_கணக்கன்
இன்னொரு 24 மணி நேரக் கட்டணம் கேட்பார்கள். நான்கு வெளிநாட்டவருக்கு செரங்கெட்டி வாசலில் 330 டாலர் ஓடிவிடும். தாமதம் எங்கே வருகிறது என்றால், மூன்றாம் நாள் காலையில் 'ஒரு சிறுத்தை இருக்கிறதாம்' என்று வானொலியில் தகவல் வரும், வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். செரொனேராவிலிருந்து நாபி ஹில் 45 கிலோமீட்டர்தான், ஆனால் சாலை பூராவும் சலவைப் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசலில் எழுத்து வேலைக்கு அரை மணி. அதாவது 11 மணிக்கு மேல் எந்த விலங்குக்காகவும் திரும்பக் கூடாது என்று ஓட்டுநரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

புல்வெளி
ஒரு மாற்றுக் கருத்து. ஜனவரி நடுவில் செரொனேராவுக்கு ஏன் போக வேண்டும்? நவம்பர், டிசம்பர் குறுமழைக்குப் பின் காட்டுமாட்டுக் (வில்டபீஸ்ட்) கூட்டம் தெற்கே குட்டைப்புல் வெளிக்கு வந்துவிடும். ஜனவரிக் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி முழுக்க அங்கேதான் கன்று போடும். அந்த இடம் எண்டூட்டு. அதில் பாதி கோரோங்கோரோ எல்லைக்குள் இருக்கிறது. அங்கேயே தங்கினால் செரங்கெட்டிக் கட்டணமே வேண்டாம். கோரோங்கோரோ பக்கத்தில் இந்தப் பருவத்தில் பாதையை விட்டு இறங்கி ஓட்டவும் விடுவார்கள். 165 டாலர் மிச்சம்.

வாசல்_கணக்கன்
இடம் சரி, மிச்சம் சரியில்லை. மூன்று இரவும் கோரோங்கோரோ எல்லைக்குள் என்றால் 72 மணி நேரம், 212.40. பழைய திட்டத்தின் நுழைவு 306.80. வித்தியாசம் 94.40. ஆனால் எண்டூட்டுவில் பொது முகாம் மைதானம் கிடையாது. தனி முகாம்தான், ஓர் இரவுக்கு ஆளுக்கு 60, வரியோடு 70.80. இரண்டு இரவுக்குக் கூடுதல் செலவு மட்டும் 70.80. கடைசியில் கையில் நிற்பது 23.60 டாலர். விடுதி என்றால் அதுவும் நிற்காது, உச்ச பருவ விலை.
பணத்துக்காக எண்டூட்டு போகாதீர்கள், கூட்டத்தைப் பார்ப்பதற்காகப் போங்கள். இன்னொன்று: பூங்கா எல்லை அந்தப் பகுதிக்கு நடுவே போகிறது, வேலி கிடையாது. சிங்கத்தைத் துரத்திக்கொண்டு ஓட்டுநர் செரங்கெட்டிப் பக்கம் போய்விட்டால் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாட்டுவீர்கள். அங்கே பாதையை விட்டு இறங்குவதும் தடை.

புல்வெளி
ஒத்துக்கொள்கிறேன். முதன்முறை வருபவர்களுக்கு செரொனேராதான் பாதுகாப்பான தேர்வு. ஆற்றோர மரங்களில் சிறுத்தை ஆண்டு முழுக்க இருக்கும், பாறைக் குன்றுகளில் சிங்கம். காட்டுமாடு எங்கே நிற்கும் என்பது மழையைப் பொறுத்தது. போகும் வழியிலேயே, நாபி ஹில்லுக்கு முன்னும் பின்னும், ஜனவரியில் கூட்டம் சாலையை மறிக்க வாய்ப்பு உண்டு.
முதல் நாள் கோரோங்கோரோக் கட்டணத்தில் நான்கு மணி நேரம்தானே பயன்படுகிறது. அதை ஓல்டுபாய் பள்ளத்தாக்கில் செலவழிக்கலாம். சாலையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே. 1959-ல் மேரி லீக்கி ஆதிமனிதன் ஒருவனின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். லேட்டோலியில் கிடைத்த, 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய காலடித் தடங்களின் வார்ப்பும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம், நின்றால் நாபி ஹில்லில் நேரம் தள்ளிப்போகும். தள்ளிப்போனாலும் நட்டம் இல்லைதான், செரங்கெட்டிக் கடிகாரமும் சேர்ந்தே தள்ளிப்போகும். இருட்டிய பின் பூங்காவுக்குள் வண்டி ஓடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கராட்டு_சமையல்
பள்ளத்துக்குள் போகும் நாளுக்குச் சில குறிப்புகள். செனெட்டோ பாதை இறங்க மட்டும், லெராய் பாதை ஏற மட்டும். பள்ளம் சுமார் 600 மீட்டர் ஆழம், 260 சதுர கிலோமீட்டர். ஒட்டகச்சிவிங்கி அங்கே இல்லை, தேடி நேரம் போக்க வேண்டாம். கறுப்புக் காண்டாமிருகம் உண்டு. தொலைநோக்கி இல்லாவிட்டால் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். ஆளுக்கொன்று தேவையில்லை, ஐந்து பேருக்கு 8x42 அளவில் இரண்டு போதும்.
மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் எங்கோயிடோகிடோக் குளக்கரையில் பருந்துகள் கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு போகும். நகம் கிழித்துவிடும். வண்டிக்குள் உட்கார்ந்தே சாப்பிடுங்கள்.

சைவத்துக்கு: முகவரிடம் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. கோழிச்சாற்றில் காய் வேகவைத்துக் கொடுப்பதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை. நீங்கள் சுவாஹிலி பேசுவீர்கள். சமையல்காரரிடம் நேரில் 'ஹக்குணா ந்யாமா, ஹக்குணா குக்கு, ஹக்குணா சமாக்கி, ஹக்குணா சுப்பு யா ந்யாமா' என்று இறைச்சி, கோழி, மீன், இறைச்சிச் சாறு நான்கையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். முட்டை உண்டா இல்லையா என்பதையும்.
அரிசி, பருப்பு, கோதுமை மாவு, மசாலா எல்லாம் அருஷாவில் குஜராத்திக் கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். பருப்புப் பொடி, ஊறுகாய் மட்டும் போதும். ஐந்து பேருக்கு நான்கு நாளைக்கு 400 கிராம் பொடி தாராளம். துபாய் வழியாக வருகிறவர்கள் கசகசா சேர்த்த எந்த மசாலாவையும் பையில் வைக்காதீர்கள். அங்கே கசகசா போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது.
வழியோரச் சாப்பாட்டில் கவலையே இல்லை: வாலி ந மஹராகே என்றால் சோறும் அவரை விதைக் குழம்பும். ம்சிச்சா என்பது நம்ம ஊர்த் தண்டுக்கீரைதான். சப்பாத்தி பெயரே சப்பாத்தி. முட்டை சாப்பிடுவோருக்குச் சிப்சி மாயாய், உருளை வறுவலை உள்ளே போட்ட ஆம்லெட்.

கிபோ
துணியில் கறுப்பும் அடர்நீலமும் வேண்டாம். செரங்கெட்டியில் ட்செட்சே ஈ அந்த நிறங்களுக்குத்தான் வரும். ஈப்பொறி செய்வதே அந்த இரண்டு நிறத் துணியில்தான். ஜீன்ஸ் போட்டால் துணியோடு சேர்த்துக் கடிக்கும், ஓடோமாஸுக்கு அடங்காது. காக்கி, சாம்பல், வெளிர்பச்சை நல்லது. விளிம்பு முகாம் 2,300 மீட்டர் உயரம், ஜனவரியிலும் இரவு 10 டிகிரிக்கு இறங்கும். சென்னைக்காரர்கள் சால்வையோடு வந்து நிற்பார்கள். குல்லாயும் கம்பளிச் சட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

மஞ்சள்_அட்டை
விசா பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சாதாரண சுற்றுலா விசா 50 டாலர், இணையத்தில். அரசுத் தளத்தின் முகவரி 'கோ டாட் டிஇசட்' என்றுதான் முடியும். தேடினால் மேலே வருவதில் பல இடைத்தரகர் தளங்கள், இரண்டு மடங்கு வாங்குவார்கள். மூன்று வாரம் முன்பே போடுங்கள். டொடோமாவில் உங்கள் வீட்டில் தங்குவதாக எழுதினால் உங்கள் கடிதமும் அனுமதி நகலும் கேட்பார்கள். முதல் இரவு அருஷா விடுதி முன்பதிவைக் கொடுப்பது எளிது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: தோஹா, துபாய் வழியாக வந்தால் தான்சானியா கேட்காது. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அட்டை கட்டாயம். திரும்பும்போது நம்ம பக்க விதியையும் பாருங்கள். நோய் உள்ள நாட்டிலிருந்து அட்டை இல்லாமல் வருபவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த சட்டத்தில் இடம் இருக்கிறது. ஓர் ஊசி போட்டுக்கொண்டால் ஆயுள் முழுக்கச் செல்லும், 2016-லிருந்து அதுதான் விதி. பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான், முன்பதிவோடு. டிசம்பர் கடைசிவரை தள்ளாதீர்கள்.

இன்னொன்று, நண்பர்களை உங்கள் திட்டப்பணி இடத்துக்குக் கூட்டிப்போய்க் 'கொஞ்சம் கை கொடுங்கள்' என்று சொல்லாதீர்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளமில்லாத வேலை செய்தாலும் வேலைதான். மாட்டினால் அபராதம் அவருக்கு, அனுமதிச் சிக்கல் உங்களுக்கும் உங்கள் அமைப்புக்கும். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அதற்கும் அமைப்பின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

மாகுயூனி_சந்தி
உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று. சஃபாரி முடித்து அருஷா திரும்பி விமானத்தில் சான்சிபார் போனால் நண்பர்கள் பார்ப்பது வெளிநாட்டவருக்குப் போட்ட பாதையை மட்டும். டொடோமாவில் இருக்கிறவர் ஊர் வழியாகக் கூட்டிப்போக வேண்டாமா? செலவும் குறைவு.

கோரோங்கோரோவுக்கு வெளியே இருக்கும் கராட்டு ஊரிலிருந்து மாகுயூனி சந்திக்கு வந்து தெற்கே திரும்பினால் பபாட்டி, கொலோ, கொண்டோவா, டொடோமா. முழுக்கத் தார். நிறுத்தம் சேர்த்து ஒரு பகல். கொலோ ஊரில் இருப்பது கொண்டோவா பாறை ஓவியங்கள், 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. சிவப்பில் மெலிந்து நீண்ட மனித உருவங்கள், மான், ஒட்டகச்சிவிங்கி. சாலையோரத்தில் இருக்கும் தொல்லியல் அலுவலகத்தில் சீட்டு வாங்கி, அவர்களின் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அங்கிருந்து கடைசிக் கிலோமீட்டர்கள் கரடுமுரடு, பிறகு ஏற்றம். சிறிய கார் போகாது. மழை பெய்த மறுநாள் நாலு சக்கர இழுவை இல்லாமல் முயல வேண்டாம். மதியத்துக்குள் போய்விடுங்கள்.

பேருந்தில் போனால் கொலோவில் நிறுத்திப் பார்க்க முடியாது, மாகுயூனியில் ஏறினால் இடமும் கிடைக்காது. சஃபாரி முகவரிடம் ஐந்தாவது நாளாக டொடோமா இறக்கத்தையும் சேர்த்து விலை கேளுங்கள். வண்டி காலியாக அருஷா திரும்பும் டீசலும் அதில் சேரும். அப்படியும் ஐந்து விமான டிக்கெட்டைவிடக் குறைவுதான் வரும்.

டொடோமாவிலிருந்து தாருஸ்ஸலாமுக்குப் புது அகலப்பாதை ரயில், 2024 ஜூலையில் ஓடத் தொடங்கியது. மூன்றரை மணி நேரம். சாதாரண வகுப்பு 31,000 ஷில்லிங் என்று ஆரம்பித்தார்கள். இணையத்தில் முன்பதிவுக்குக் கடவுச்சீட்டு எண் வேண்டும். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். தாருஸ்ஸலாமில் (சுருக்கமாகத் தார்) ரயில் நிலையமும் சான்சிபார் கப்பல்துறையும் பக்கம்பக்கம். பையோடு நடக்க வேண்டாம், பஜாஜி, அதாவது ஆட்டோ பிடியுங்கள். பஜாஜியில் உட்காரும்போது கைப்பையை நடுவில் இருப்பவர் மடியில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பிடுங்குவது தாரில் சாதாரணம்.

டொடோமா_தண்ணி
இது நன்றாக இருக்கிறது. ரயிலும் கப்பலும் ஒரே நாளில் முடியுமா?

மாகுயூனி_சந்தி
அதிகாலை ரயிலைப் பிடித்தால் மதியக் கப்பல் கிடைக்கும், ஆனால் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் மொத்தமும் குலைந்துவிடும். மாலை ரயிலில் போய்த் தாரில் இரவு தங்கி, காலை 7 மணிக் கப்பல் நல்லது. வேகக் கப்பல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வெளிநாட்டவருக்குச் சாதாரண வகுப்பு 35 டாலர், உங்களுக்கு அனுமதியைக் காட்டினால் குறையும். துறைமுக வாசலில் உங்கள் பையைப் பிடுங்கி 'டிக்கெட் தீர்ந்துவிட்டது, என்னிடம் இருக்கிறது' என்பவரைத் தாண்டி உள்ளே போங்கள். முதல் நாளே இணையத்தில் எடுத்துவிட்டால் அந்தக் கூத்தே இல்லை. குமட்டல் வரும் ஆட்கள் கீழ்த்தளத்தில் பின்பக்கம் நடுவில் உட்காரட்டும். முன்பக்கம்தான் தூக்கிப்போடும்.

நேரக் குழப்பம் பற்றி நண்பர்களுக்குச் சொல்லிவையுங்கள். சுவாஹிலியில் நாள் விடியலில் தொடங்குகிறது. காலை 7 மணி 'சா மோஜா', அதாவது ஒரு மணி. ரயிலும் கப்பலும் நம்ம கடிகாரப்படிதான். ஆனால் ஊர்ப் பேருந்து, வாடகை வண்டி ஓட்டுநர் வாயால் சொல்வது சுவாஹிலிக் கணக்கு. 'சா ம்பிலி' என்றால் காலை 8, இரண்டு மணி அல்ல. ஆறைக் கூட்டுங்கள். கேட்டதும் 'அசுபுஹியா, மச்சானாவா' என்று காலையா பகலா எனவும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அலை_அட்டவணை
சான்சிபார் பற்றி. ஜனவரியில் அங்கே வீசுவது கஸ்காஸி, அதாவது நம்ம ஊர் வாடைக்காற்றின் தொடர்ச்சி. ஒரு காலத்தில் குஜராத்திலிருந்து பாய்மரங்கள் இதைப் பிடித்துத்தான் இறங்கின. வானம் வெளுத்திருக்கும், வெயில் கடுமை.

எந்தக் கரை என்பதுதான் கேள்வி. கிழக்குக் கரையான பஜே, ஜம்பியானியில் வற்றத்தின்போது கடல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் நான்கு மீட்டர் வித்தியாசம். நீந்த ஆசைப்பட்டு வந்தவர்கள் பாதி நாள் சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். அந்த வற்றத்தில் பெண்கள் கடற்பாசி வளர்க்கும் குச்சிப் பாத்திகளைப் பார்க்கலாம் என்பது தனி. வெறுங்காலோடு இறங்க வேண்டாம், கடல்முள்ளி உள்ளங்காலில் ஒடிந்து நிற்கும்; ரப்பர் செருப்பு போதாது, மூடிய காலணி வேண்டும். நீச்சல்தான் நோக்கமென்றால் வடக்கே நுங்வி, கெண்ட்வா. எந்நேரமும் தண்ணீர் இருக்கும். விலை அதிகம், சத்தமும் அதிகம்.
மூன்று இரவு என்றால் ஒன்று கல்நகரில் (ஸ்டோன் டவுன்), இரண்டு நுங்வியில். கல்நகர் தராஜனி சந்தைப் பக்கமிருந்து 116-ம் எண் டாலாடாலா (ஊர்ச் சிற்றுந்து) நுங்விக்கு. பைகள் கூரைமேல் போகும், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் முதல் சான்சிபார் வரும் வெளிநாட்டவர் எல்லோரும் அரசுக் காப்பீடு எடுக்க வேண்டும், 44 டாலர். ஊரில் எடுத்த பயணக் காப்பீட்டைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இணையத்தில் எடுத்து அச்சடித்து வாருங்கள். கப்பலிலிருந்து இறங்கியதும் குடிவரவு மேசை இருக்கிறது, உள்நாட்டுப் பயணம்தானே என்று கடவுச்சீட்டை டொடோமாவில் வைத்துவிட்டு வராதீர்கள். ஜனவரி 12 புரட்சி நாள் விடுமுறை. அதன் முன்பின் நாட்களில் கப்பல் நெரிசல்.

மிக்குமி
1,500 டாலரே தேவையில்லை என்பது என் கட்சி. ரயிலில் மொரோகோரோ, அங்கிருந்து வாடகை வண்டியில் மிக்குமி தேசியப் பூங்கா. கட்டணம் 30, வரியோடு 35.40. யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், காட்டெருமை எல்லாம் உண்டு. பள்ளக் கட்டணம் கிடையாது, இரட்டைக் கட்டணமும் கிடையாது. செரங்கெட்டிக்கு ஆகும் காசில் மூன்றில் ஒன்று.

புல்வெளி
தன்னார்வலருக்குச் சரி, வாரக்கடைசியில் போய்வர. சென்னையிலிருந்து டிக்கெட் எடுத்து ஒரே தடவை வருபவர்களை மிக்குமிக்கு மட்டும் கூட்டிப்போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

மஞ்சள்_அட்டை
மலேரியா மாத்திரையை நண்பர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கட்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் 100 மில்லிகிராம், வருவதற்கு ஒருநாள் இரண்டு நாள் முன்பு தொடங்கி, ஊர் திரும்பி நான்கு வாரம் வரை. விலை மலிவு. வெயிலில் தோல் எரியும். வெறும் வயிற்றில் போட்டுப் படுத்தால் நெஞ்சைக் கரிக்கும். அடோவாகோன், ப்ரோகுவானில் சேர்ந்த மாத்திரை விலை அதிகம், திரும்பி ஏழு நாள் போதும். பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகத் தான்சானியா போய்வந்ததைச் சொல்ல வேண்டும். சென்னையில் வழக்கமாகப் பார்ப்பது வைவாக்ஸ் வகை மலேரியா. இங்கே இருப்பது ஃபால்சிபாரம், அது காத்திருக்காது.

வாசல்_கணக்கன்
முகவரிடம் விலை வாங்கும்போது கேட்க வேண்டியவை: 18 சதவீத வரி உள்ளேயா வெளியேயா, பள்ளக் கட்டணம் சேர்ந்ததா, கோரோங்கோரோ ஒரு தடவையா இரண்டு தடவையா, உதிரிச் சக்கரம் இரண்டு உண்டா, கூரை திறக்கும் நீள லேண்ட் குரூசரா, அரசு உரிம எண் என்ன. 'கோரோங்கோரோ ஒரு தடவை' என்று எழுதியிருந்தால் விலையைக் குறைத்துக் காட்டுகிறார், வாசலில் மீதியைக் கேட்பார். இப்போது நான்கு நாள் முகாம் சஃபாரி ஐந்து பேருக்கு ஆளுக்கு 900 முதல் 1,000 டாலர் நியாயம். 650 என்று ஒருவர் சொன்னால் மேலே போட்ட 472-ஐக் கழித்துப் பாருங்கள், மீதியில் நான்கு நாள் வண்டியும் சாப்பாடும் எப்படி நடக்கும்?
முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பூங்காக் கட்டணச் சீட்டில் உங்கள் பெயர்களும் வகையும் சரியாக இருக்கிறதா என்று புறப்படும் முதல் நாள் மாலை பாருங்கள், காலையில் அல்ல.

டொடோமா_தண்ணி
அனைவருக்கும் நன்றி. திட்டம் இப்படி ஆகியிருக்கிறது: 1-ம் நாள் நண்பர்கள் கிளிமஞ்சாரோ விமான நிலையம், இரவு அருஷா. 2 முதல் 5 வரை செரங்கெட்டி, கோரோங்கோரோ, 5-ம் நாள் இரவு கராட்டு. 6 கொலோ வழியாக டொடோமா. 7 டொடோமா, மாலை ரயில். 8 காலைக் கப்பல். 10-ம் நாள் இரவு சான்சிபாரிலிருந்தே விமானம். நான் 1-ம் நாள் அருஷாவுக்குப் பேருந்தில் வருவேன். அமைப்பில் வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?

மஞ்சள்_அட்டை
பணிக்காலக் காப்பீடு விடுப்பு நாட்களில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். பல அமைப்புகளின் காப்பீட்டில் பூங்காவுக்குள்ளிருந்து விமானத்தில் மீட்பது சேராது, போடாபோடாவில் (வாடகை மோட்டார் சைக்கிள்) ஏறினால் எதுவுமே சேராது. நண்பர்கள் ஊரில் எடுக்கும் காப்பீட்டில் அந்த மீட்பு இருக்க வேண்டும். செரொனேராவிலிருந்து நல்ல மருத்துவமனை ஒரு பகல் சாலைப் பயணம்.

மாகுயூனி_சந்தி
கிளிமஞ்சாரோ விமான நிலையமும் அருஷா விமான நிலையமும் வேறு வேறு. முன்னது ஊருக்குக் கிழக்கே ஒரு மணி நேரம், பின்னது மேற்கே, சின்ன விமானங்களுக்கு. வரவேற்கப் போகும் வண்டிக்கு 'கியா' என்று சொல்லுங்கள், ஓட்டுநர்கள் கிளிமஞ்சாரோவை அப்படித்தான் சொல்வார்கள். நண்பர்களிடம் பாலிதீன் பை எதுவும் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், 2019 ஜூன் முதல் தடை. பற்பசை, சோப்பு வைக்கும் இழுத்துமூடும் சின்னப் பைக்கு மட்டும் விலக்கு.

வாசல்_கணக்கன்
டாலர் தாள்கள் 2006-க்குப் பிந்தைய அச்சாக, கிழிசல், பேனாக் கீறல் இல்லாமல் இருக்கட்டும். ஆளுக்கு 200 டாலர் ரொக்கம் போதும். பூங்கா வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை. அட்டையில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்துவிட்டு வர வேண்டும், இங்கே வந்தபின் ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்ணுக்கு ரோமிங்கும் போட்டிருக்க வேண்டும்.